பழைய தீர்ப்பும் புதிய குற்றமும்

1961ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் தென்கோடி மாநிலங்களுள் ஒன்றாகிய புளோரிடாவில் இருவர் ஒரே குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிறுகுற்றமொன்றைப் புரியும் எண்ணத்துடன் கட்டடமொன்றினை உடைத்து உட்புகுந்தனர் என்பதே இருவர்மீதும் சாட்டப்பட்ட குற்றம். புரிய எண்ணியது சிறுகுற்றமேயெனினும், அதன்பொருட்டு உடைத்துப் புகுதல் அம்மாநிலச் சட்டப்படி பெருங்குற்றமாகக் கொள்ளப்பட்டது. இருவரும் சட்டத்தரணியின் துணையின்றியே மன்றில் நின்றனர். இருவரும் சிறை சென்றனர். அவர்களுள் ஒருவர் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன். சட்டம் பயில்வோர் பலர் இன்று அப்பெயரை அறிவர். மற்றவர் லூயிஸ் என்பவர். அவர் பெயர் சட்ட அறிக்கைகளிலே ஒரு வழக்கின் தலைப்பாக மட்டுமே எஞ்சியுள்ளது. கிடியன் வென்ற கதை பாடநூல்களில் ஏறிவிட்டது. லூயிஸ் தோற்ற கதையையும் நாம் அறிதல் வேண்டும். ஒரு சமுதாயம் தான் வழங்கிய உரிமையை எந்த எல்லையில் நிறுத்திக்கொள்கிறது என்பதை அத்தோல்வியே தெளிவாகக் காட்டுகிறது.

கிடியனின் வழக்கைச் சுருக்கமாக நோக்குவோம். பனாமா சிற்றி என்னும் நகரையடுத்த விளையாட்டு மண்டபமொன்றினுள் இரவிலே புகுந்தார் என அவர் கைது செய்யப்பட்டார். பள்ளிப் படிப்பை இடையிலே விட்டவர், கையிலே பணமில்லாதவர். தமக்கொரு சட்டத்தரணியை நியமிக்குமாறு அவர் நீதிபதியை வேண்டினார். மரண தண்டனைக்குரிய வழக்குகளில் மட்டுமே மாநிலம் சட்டத்தரணியை அமர்த்தும் என்பது அவருக்குக் கிடைத்த விடை. புளோரிடா நீதிபதி சட்டத்தை மீறிவிடவில்லை. ஏழைக்குச் சட்டத்தரணி வழங்குவது எல்லா வழக்குகளிலும் மாநிலத்தின் கடமையன்று என 1942இல், பெற்ஸ் எதிர் பிறேடி என்னும் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றமே கூறியிருந்தது. தமக்காகத் தாமே வாதாடிய கிடியனுக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சிறையிலிருந்தபடியே அவர் பென்சிலால் எழுதியனுப்பிய மனுவை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தது. அவர் சார்பில் வாதாட ஏப் போட்டாஸ் என்ற புகழ்பெற்ற சட்டத்தரணியை நீதிமன்றமே நியமித்தது. 1963 மார்ச் 18ஆம் திகதி ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்து, பெருங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு மாநிலம் சட்டத்தரணியை வழங்கியேயாதல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், அதே நகரில், அதே நீதிபதியின் முன் கிடியன் மீண்டும் விசாரிக்கப்பட்டார். இம்முறை அவர் அருகே சட்டத்தரணியொருவர் இருந்தார். பிரதான சாட்சியின் கூற்று குறுக்கு விசாரணையிலே குலைந்தது. யூரர்கள் கிடியனைக் குற்றமற்றவர் எனக் கண்டனர். சட்டத்தரணியின்றி நடந்த விசாரணையில் குற்றவாளியாகக் காணப்பட்ட அதே மனிதர், சட்டத்தரணியோடு நடந்த விசாரணையில் விடுதலையடைந்தார். ஏழையின் குற்றத்தீர்ப்பு அவன் செய்கையை மட்டுமன்றி அவன் வறுமையையும் பதிவு செய்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இத்தீர்ப்பு பின்னோக்கியும் செல்லுபடியாகும் என்பது விரைவிலே நிலைநாட்டப்பட்டது. புளோரிடாச் சிறைகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வெளியேறினர். ஆயின் தண்டனையை அனுபவித்து முடித்து ஏற்கெனவே வெளியேறிவிட்டோர் நிலை யாது? அவர்களின் பழைய தீர்ப்பை மீளத் திறப்பதற்கு யாரும் தேடி வரவில்லை. சிறைக்குள் இருப்பவனுக்கு மனு எழுதுவதற்குக் காரணமுண்டு. வெளியே கூலிவேலை தேடி அலைபவனுக்கு நீதிமன்றப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் திருத்துவதற்கு நேரமுமில்லை, பணமுமில்லை, அதன் அவசியத்தை எடுத்துரைப்பாருமில்லை. லூயிசின் தீர்ப்பும் அவ்வாறே அழியாது கிடந்தது.

இனி, அத்தீர்ப்பினைப் பதினாறு ஆண்டுகளின் பின்னர் உயிர்ப்பித்த சட்டத்தின் வரலாற்றை நோக்குவோம். ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்பதை வரையறுத்தல் அமெரிக்காவிலே புதிய வழக்கமன்று. உள்நாட்டுப் போர் முடிவுற்ற 1865ஆம் ஆண்டிலேயே, மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருத்தலைத் தடை செய்தது. அக்காலச் சட்டம் நிறத்தை வெளிப்படையாகவே பெயர் சொல்லிக் குறித்தது. பிற்காலச் சட்டங்கள் நிறத்தைக் கூறவில்லை. தண்டனை பெற்றவன் என்ற தகுதியின்மையையே கூறின. அத்தகுதியின்மை எவர்மீது எவ்வளவு எளிதிலே ஏற்றப்பட்டது என்பது தனியே ஆராயத்தக்கது.

1938ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சுடுகலன் சட்டம், வன்செயற் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டோர் மாநிலங்களுக்கிடையே அனுப்பப்பட்ட சுடுகலன்களைப் பெறுதலைத் தடுத்தது. குண்டர் கும்பல்களின் கொலைகள் நாட்டை நடுக்கிய காலம் அது. கொலை, கொள்ளை, கொடுந்தாக்குதல் முதலியவற்றைப் புரிந்தோர் கையில் துப்பாக்கி சேர்தல் ஆகாது என்பது சட்டத்தின் நோக்கம். அந்நோக்கத்தில் நியாயம் உண்டு. அச்சட்டத்தின்கீழ் எழுந்த மேன்முறையீடொன்றில், 1943இல் தொட் என்பவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் எதிரியின் பக்கமே தீர்ப்பளித்தது. தண்டனை பெற்றவனிடம் துப்பாக்கி காணப்பட்டால் அது மாநில எல்லை கடந்து, சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரே அவனை அடைந்தது என ஊகித்துக்கொள்ளலாம் என்ற பிரிவை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. முன்னர் தண்டிக்கப்பட்டவனாயினும் அவன் மீதான ஒவ்வொரு கூறையும் அரசு மெய்ப்பித்தல் வேண்டும் என்பது அதன் கருத்து.

1961ஆம் ஆண்டு இவ்விடத்திலும் குறுக்கிடுகிறது. கிடியனும் லூயிசும் தண்டிக்கப்பட்ட அதே ஆண்டிலேதான் அமெரிக்கக் காங்கிரஸ் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. வன்செயற் குற்றம் என்ற சொற்கள் நீக்கப்பட்டன. ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனைக்குரிய எக்குற்றமும் போதும் என்றாயிற்று. இதனால் கொலைஞனும், வன்செயல் எதுவும் புரியாது பெருங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவனும் ஒரே பட்டியலில் இடம் பெற்றனர். ஆபத்தானவன் யார் என்ற கேள்வியின் இடத்தைத் தண்டிக்கப்பட்டவன் யார் என்ற கேள்வி பிடித்துக்கொண்டது.

1968ஆம் ஆண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். யூனில் செனற்றர் றொபேட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். நகரங்கள் பற்றியெரிந்தன. அவ்வாண்டிலே காங்கிரஸ் இரு சட்டங்களை நிறைவேற்றியது. முதலாவது சட்டத்தின் ஏழாம் பாகத்தை லூசியானா மாநிலச் செனற்றர் றசல் லோங் சபையிலேயே முன்மொழிந்தார். குழு விசாரணையின்றி, மிகச் சுருங்கிய விவாதத்துடன் அது சட்டமாயிற்று. பெருங்குற்றத்துக்காக நீதிமன்றமொன்றால் தண்டிக்கப்பட்ட எவரும் சுடுகலனைப் பெறுதலோ உடைமையில் வைத்திருத்தலோ குற்றம் என்றும், இரண்டாண்டுச் சிறையும் பத்தாயிரம் டொலர் தண்டமும் விதிக்கலாம் என்றும் அது கூறியது.

லூயிஸ் 1977 சனவரியில் வேர்ஜீனியா மாநிலத்தில் கைது செய்யப்பட்டு, சுடுகலனொன்றைப் பெற்று வைத்திருந்தார் என இச்சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டார். அவர் யூரர் விசாரணையைக் கைவிட்டு நீதிபதியின் முன் விசாரணையை ஏற்றார். அரச தரப்பு 1961ஆம் ஆண்டுப் புளோரிடாத் தீர்ப்பின் பிரதியைச் சமர்ப்பித்தது. அத்தீர்ப்பு அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதன்பேரில் வழங்கப்பட்டதாகும். சட்டத்தரணியின்றி நிற்பவன் எதை ஒப்புக்கொள்கிறான், அதன் விளைவுகளை எவ்வளவு அறிந்து ஒப்புக்கொள்கிறான் என்பது தனிக்கேள்வி. லூயிசின் சட்டத்தரணி எழுப்பிய வாதம் எளிமையானது. 1961ஆம் ஆண்டுத் தீர்ப்பு கிடியன் வழக்கின்படி அரசியலமைப்புக்கு முரணானது. ஆகவே அதனை அடித்தளமாகக் கொண்டு புதியதொரு குற்றத்தைக் கட்டியெழுப்பல் ஆகாது என்றார். விசாரணை நீதிபதி அதனை ஏற்கவில்லை. மேன்முறையீட்டு நீதிமன்றம் பிளவுபட்ட தீர்ப்பினால் அவர் கூற்றை நிராகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

1980 பெப்ரவரி 27ஆம் திகதி ஆறு நீதியரசர்கள் லூயிசுக்கு எதிராகவும் மூவர் அவருக்குச் சார்பாகவும் தீர்ப்பளித்தனர். பெரும்பான்மையோர் சார்பில் நீதியரசர் பிளக்மன் எழுதினார். தண்டிக்கப்பட்ட எவரும் என்பதே சட்டத்தின் சொற்கள்; செல்லுபடியாகும் வகையில் தண்டிக்கப்பட்ட எவரும் எனச் சட்டம் கூறவில்லை என்பது அவர் முதல் நியாயம். துப்பாக்கியை எடுக்குமுன் தன் பழைய தீர்ப்பை நீக்குவித்தல், மன்னிப்புப் பெறுதல், அல்லது திறைசேரிச் செயலாளரிடம் அனுமதி பெறுதல் ஆகிய வழிகள் அவருக்குத் திறந்திருந்தன என்பது இரண்டாவது. பழைய தீர்ப்பு நம்பத்தக்கதா என்பது இங்கு பொருட்டன்று, தீர்ப்பொன்று இருந்தமையே போதும். பொதுமக்களைக் காக்கும் முன்னெச்சரிக்கையாகக் காங்கிரஸ் அவ்வாறு விதிக்கலாம் என்பது மூன்றாவது. தண்டனை பெற்றோர்க்குச் சட்டம் வேறு தடைகளையும் விதிப்பதுண்டு என அவர் எடுத்துக்காட்டினார். அவ்வெடுத்துக்காட்டுகள் உற்று நோக்கத்தக்கவை: வாக்குரிமை மறுக்கப்படுதல், துறைமுகத் தொழிற்சங்கத்திலே பதவி வகிக்கத் தடை, மருத்துவத் தொழில் புரியத் தடை. பழைய தீர்ப்பொன்றின் நிழல் மனிதனின் வாக்குச்சீட்டையும் தொழிற்சங்கத்தையும் வந்து தீண்டுகிறது என்பதை அத்தீர்ப்பே சான்று பகர்கிறது.

மாறுபட்ட தீர்ப்பை நீதியரசர் பிறெனன் எழுதினார். நீதியரசர் போவலும், உச்ச நீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதியரசராகிய தேர்கூட் மார்ஷலும் அவருடன் சேர்ந்தனர். சட்டத்தரணியின்றிப் பெறப்பட்ட தீர்ப்பைப் பிறிதொரு வழக்கில் தண்டனையைக் கூட்டப் பயன்படுத்தல் ஆகாது என 1967இலும், தண்டனையின் அளவைத் தீர்மானிக்கப் பயன்படுத்தல் ஆகாது என 1972இலும் அதே நீதிமன்றம் கூறியிருந்தது. அவ்வாறாயின், சிறைத் தண்டனையைச் சில மாதங்கள் நீட்டிக்கவும் தகுதியற்ற ஒரு பழைய தீர்ப்பு, முழுக் குற்றத்தையும் நிறுவத் தகுதியுடையதாவது எங்ஙனம்? பிறெனனின் வாதத்தின் உயிர்நிலை இதுவே. அரசியலமைப்பை மீறிப் பெற்ற தீர்ப்பில்லாதவிடத்து லூயிசின் செயல் இச்சட்டத்தின்கீழ் குற்றமாகாது. குற்றத்தின் பாதி, அவர் துப்பாக்கியைத் தொடுவதற்குப் பதினாறு ஆண்டுகளின் முன்னரே, அரசின் தவறினால் ஆக்கப்பட்டிருந்தது.

இங்கே ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். 1963இல் கிடியனுக்கு உரிமை வழங்கிய ஒன்பதின்மருள் மூவர் 1980இலும் அவ்வாசனத்தில் அமர்ந்திருந்தனர். பிறெனன் அவர்களுள் ஒருவர். மற்ற இருவராகிய ஸ்ருவேட்டும் வைற்றும் பெரும்பான்மையோடு சென்றனர். ஆகவே, இத்தீர்ப்பை நல்லோர்க்கும் தீயோர்க்கும் இடையே எழுந்த பிணக்கு என்று கூறிவிடல் எளிது. ஆயின் உண்மை அதுவன்று. உரிமையை அறிவித்த நீதியரசர்களே, அவ்வுரிமையின் விளைவைக் கடைசிவரை கொண்டு செல்லத் தயங்கினர். தீர்ப்பேடுகளின் நிரந்தரம் குலைந்துவிடலாகாது என்னும் நிர்வாகத் தேவை, மனிதனுக்கு இழைத்த அநீதியைத் துடைக்கும் கடமையினும் கனமுடையதாயிற்று.

திறைசேரிச் செயலாளரிடம் அனுமதி பெற்றிருக்கலாமே என நீதிமன்றம் லூயிசுக்குச் சுட்டிய கதவு யாருக்காகத் திறக்கப்பட்டது? அதன் வரலாறு நம் மாணவர் அறிய வேண்டியதொன்று. அக்கதவு 1965ஆம் ஆண்டிலே சட்டத்தில் அமைக்கப்பட்டது. வின்செஸ்ரர் துப்பாக்கிகளைத் தயாரித்தது ஒலின் மதீசன் என்னும் பெருங் கம்பனி. கைக்கூலி விவகாரமொன்றில் அக்கம்பனி பெருங்குற்றத்தை ஒப்புக்கொண்டது. சட்டத்தின் கண்ணிலே கம்பனியும் ஓர் ஆளே. தண்டிக்கப்பட்ட ஆள் சுடுகலன்களை மாநில எல்லை கடந்து அனுப்பல் ஆகாது. அவ்வாறாயின் வின்செஸ்ரர் தொழிற்சாலை மூடப்படல் வேண்டும். காங்கிரஸ் உடனே விழித்துக்கொண்டு, தகுதியின்மையை நீக்கும் அதிகாரத்தைத் திறைசேரிச் செயலாளருக்கு வழங்கியது. சட்டத்தின் இடரிலிருந்து ஒரு கம்பனியை மீட்பதற்குச் சட்டமே திருத்தப்பட்டது.

இது தற்செயலான சலுகையெனில், 1968ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைக்குரிய குற்றங்கள் என்ற வரையறையிலிருந்து சில குற்றங்களை அது விலக்கிவைத்தது. ஏகபோகத் தடைச் சட்டங்களை மீறுதல், முறையற்ற வணிகம், வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சூழ்ச்சி, வணிக ஒழுங்கு தொடர்பான அவைபோன்ற பிற குற்றங்கள் என்பன அவை. விலைகளைக் கூட்டுச்சேர்ந்து உயர்த்தி இலட்சக்கணக்கான மக்களின் பணத்தை உறிஞ்சிய முதலாளி சிறை சென்று மீண்டாலும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுடையவன். விளையாட்டு மண்டபத்தின் கதவை உடைத்தவன் தகுதியற்றவன். முதலாளியினால் துப்பாக்கி ஆபத்தில்லை எனச் சிலர் கூறலாம். அவ்வாறாயின் ஆபத்தே அளவுகோல் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்கின்றனர். அதே அளவுகோலை ஏழையின் சிறுகுற்றத்துக்கும் பயன்படுத்துமாறு கேட்பது மிகையாகாது.

லூயிசின் மேன்முறையீட்டுக்குப் பின் வந்த ஆண்டுகளில் தண்டனை ஏறிக்கொண்டே சென்றது. குறித்த வகைக் குற்றங்களுக்கான முந்திய தீர்ப்புகள் மூன்று உடையோர்க்குக் குறைந்தது பதினைந்தாண்டுச் சிறை என 1984ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஏனையோர்க்கான உச்ச தண்டனை 1988இல் பத்தாண்டாகவும், 2022இல் பதினைந்தாண்டாகவும் உயர்ந்தது. மன்னிப்புப் பெற்ற, நீக்கப்பட்ட தீர்ப்புகள் கணக்கில் சேரா என 1986ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. ஆயின் முறைகேடானதாயினும் நீக்கப்படாத தீர்ப்பு அப்படியே நின்றது. 1994இல், கஸ்ரிஸ் வழக்கிலே, அந்தப் பதினைந்தாண்டுத் தண்டனைக்காகப் பழைய மாநிலத் தீர்ப்புகளை எதிரி எதிர்த்துக் கேட்கலாமா என்ற வினா எழுந்தது. சட்டத்தரணி மறுக்கப்பட்டமை ஒன்றைத் தவிர வேறெந்தக் குறையையும் கிளப்பவியலாது என உச்ச நீதிமன்றம் விடையளித்தது. இதன் விளைவு விசித்திரமானது. சட்டத்தரணியின்றிப் பெறப்பட்ட தீர்ப்பு தண்டனையைக் கூட்டமாட்டாது. ஆனால் குற்றத்தையே உண்டாக்கவல்லது.

கதவின் கதையும் அவ்வாறே வளர்ந்தது. 1992ஆம் ஆண்டு முதல், தனியாட்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கப் பணம் செலவிடல் ஆகாது எனக் காங்கிரஸ் வரவு செலவுச் சட்டங்களில் ஆண்டுதோறும் எழுதிவந்தது. கம்பனிகளின் விண்ணப்பங்களுக்கு அத்தடை பொருந்தவில்லை. லூயிசுக்குச் சுட்டிக்காட்டப்பட்ட வழி மூன்று தசாப்தங்களுக்கு மேலாக மனிதருக்கு மூடியும் கம்பனிக்குத் திறந்தும் கிடந்தது. 2025ஆம் ஆண்டிலேதான் நீதித் திணைக்களம் அவ்வதிகாரத்தைச் சுடுகலன் பணியகத்திடமிருந்து தன் கைக்கு மீட்டு, தனியாட்கள் சிலருக்கும் விலக்களிக்கத் தொடங்கியது.

அண்மைக் காலத்தில் நீதிமன்றங்கள் சிறிது அசைந்துள்ளன. தான் தடைசெய்யப்பட்ட வகையினன் என்பதை எதிரி அறிந்திருந்தமையையும் அரசு மெய்ப்பித்தல் வேண்டும் என 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியது. உணவு உதவிச் சீட்டுப் பெறுவதற்காகத் தன் வருமானத்தைக் குறைத்துக் காட்டியமைக்காக 1995இல் தண்டிக்கப்பட்ட ஒருவரை ஆயுள் முழுவதும் தடை செய்தல் ஆகாது எனப் பென்சில்வேனியாவை உள்ளடக்கிய மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023இலும், மீண்டும் 2024இலும் தீர்ப்பளித்தது. பசிக்காகச் சொன்ன பொய்யும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றிருந்தது என்பதை இவ்வழக்கே வெளிப்படுத்திற்று. எனினும் இத்தீர்ப்புகள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை வற்புறுத்தும் பழமைவாதிகளின் வாதங்களின் வழியே வந்தனவென்பதை நாம் மறத்தல் ஆகாது. துப்பாக்கி விரும்பிகளின் வெற்றி ஏழைகளின் வெற்றியாகிவிடாது.

ஆயுதக் கட்டுப்பாடு அவசியமானது என்பதில் எமக்கு ஐயமில்லை. 2021ஆம் ஆண்டில் மட்டும் ஐக்கிய அமெரிக்காவில் 48,830 பேர் துப்பாக்கியால் மாண்டனர். இத்தகைய அழிவை எந்த நாகரிக சமுதாயமும் தடுக்க முனைதல் வேண்டும். ஆனால் துப்பாக்கியைச் செய்பவனையும் விற்பவனையும் விட்டுவிட்டு, கையில் வைத்திருந்தவனின் பழைய பதிவேட்டை மட்டும் புரட்டும் கட்டுப்பாடு எவரைத் தாக்கும்? 2022 நிதியாண்டில் இக்குற்றத்துக்காகக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் தண்டிக்கப்பட்டோர் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அந்நாட்டின் சனத்தொகையிலோ அவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பதினான்கு பேரேயாவர். 1865ஆம் ஆண்டுச் சட்டம் பெயர் சொல்லிச் செய்ததைப் பெயர் சொல்லாத சட்டம் எவ்வளவுக்கு மீட்டுச் செய்கிறது என்பதை வாசகரே சிந்திக்கலாம்.

குற்றத்தீர்ப்பு என்பது ஒரு மனிதனைப் பற்றிய இயற்கை உண்மையன்று. அது ஒரு குறித்த நாளில், ஒரு குறித்த மன்றில், சில மனிதர் சில மனிதர்மீது எழுதிய எழுத்து. எழுதப்பட்ட வேளையில் அவன் அருகே பேச ஒருவர் இருந்தாரா, அவன் கையில் காசு இருந்ததா, எந்த நிறத்தவன், எந்த வர்க்கத்தவன் என்பன யாவும் அவ்வெழுத்திலே கரைந்துள்ளன. அதனை ஆராயாது அதன்மேல் மற்றொரு குற்றத்தைக் கட்டுவது, அடித்தளத்தின் வெடிப்பை அறிந்தும் மேல்மாடி எழுப்புவதற்கு ஒப்பாகும். கிடியனின் வெற்றி, இனி விசாரிக்கப்படுவோரின் அருகே ஒரு சட்டத்தரணியை நிறுத்தியது. அத்துணையின்றி முன்னரே தண்டிக்கப்பட்டோரின் எழுத்தைத் திருத்தும் பொறுப்பை, அதனை எழுதிய அரசே ஏற்றல் வேண்டும். லூயிசின் மேன்முறையீடு கேட்டது அவ்வளவே. 1980இல் மறுக்கப்பட்ட அக்கோரிக்கைக்கு இன்றுவரை முழுமையான விடை கிடைக்கவில்லை.